சித்திரை வெயிலில் சோலார் யூனிட் குறைவது ஏன்?

கேள்வி:

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மேலே வீடு. போன தை மாதம் மொட்டைமாடியில் 540 வாட் பேனல் 6, 3 கிலோவாட் இன்வெர்ட்டர் போட்டோம். மாசியில் நாளுக்கு 14 யூனிட் வரை வந்தது. வெயில் ஏற ஏற இன்னும் கூடும் என்று இருந்தேன். சித்திரையில் 12 ஆனது, வைகாசியில் 10, 11; அப்போது பகலில் கரண்ட் போகவும் இல்லை. ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் ஒரு நாள் 9, ஒரு நாள் 4. அந்த 9 யூனிட் வந்த நாள் நண்பகலில் இன்வெர்ட்டர் 3,000 வாட்டைத் தொட்டது. சித்திரை வெயிலில் ஒரு நாள்கூட 2,400ஐத் தாண்டவில்லை. போட்டுக் கொடுத்தவர் ‘சூட்டுக்கு அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டார். பேனல் கெட்டுப்போயிற்றா? மத்தியானம் மேலே தண்ணீர் அடித்தால் சரியாகும் என்கிறான் தம்பி. புனலூரில் இருக்கும் மச்சான் இன்னும் 2 பேனல் சேர்க்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்? மாசி, சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் ஒவ்வொரு நாளுக்கான உற்பத்திக் கோட்டைக் காட்டும் போன் படத்தையும், மாடியின் போட்டோவையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அண்ணாச்சி, உங்கள் பேனல் கெட்டுப்போகவில்லை. ஆனியில் 3,000 வாட்டைத் தொட்டதே அதற்குச் சாட்சி. பழுதான பேனல் ஒரு நாளும் அந்த அளவுக்கு ஏறாது. அதுவும் பேனல் அஞ்சாறு மாதத்தில் தேய்ந்துபோகிற பொருள் இல்லை. முதல் ஆண்டில் 2 சதவீதம் அளவும், அதற்கப்புறம் ஆண்டுக்கு அரை சதவீதத்தை ஒட்டியும்தான் அதன் சக்தி குறையும். ஆக, போட்ட காசு போய்விட்டதோ என்ற கவலை வேண்டாம்.

ஆனால் ‘சூட்டுக்கு அப்படித்தான்’ என்ற பதிலோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மலையடிவார ஊர்களில் சர்வீஸுக்குப் போகும் வீடுகளில் எல்லாம் இந்தப் பேச்சைத்தான் கேட்கிறேன். குறைந்த யூனிட்டுக்கெல்லாம் சூட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டால், சரிசெய்யக்கூடிய குறை அப்படியே கிடந்துவிடும். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. சூடு எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டால், மீதி எங்கே போகிறது என்பது தானாகத் தெரியும்.

பேனலின் முதுகில் 540 வாட் என்று அச்சிட்டிருப்பது தொழிற்சாலைச் சோதனையில் கிடைத்த அளவு. ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சில்லான செல்லின் வெப்பம் 25 டிகிரி என்ற நிலையில் அளந்தது. இதில் காற்றின் வெப்பத்தைச் சொல்லவில்லை, கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் செல்லின் வெப்பத்தைச் சொல்கிறார்கள். நம் பக்கம் பளீரென்று வெயில் அடிக்கும்போது செல் 25 டிகிரியில் இருக்கவே இருக்காது. சாதாரண பேனல் ஒன்று, காற்று 20 டிகிரி, வெளிச்சம் 800 வாட், மெல்லிய காற்றோட்டம் என்ற நிலையிலேயே 45 டிகிரி அளவுக்குச் சூடேறும். அதாவது சுற்றியுள்ள காற்றைவிட 25 டிகிரி கூடுதல். சித்திரை நண்பகலில் காற்று 37 டிகிரி, வெளிச்சம் 900 வாட் என்று வைத்துக்கொண்டால் செல்லின் சூடு 65 டிகிரிக்குப் போகும்.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம் மட்டும்தான். சூடு அதற்கு இடைஞ்சல். சிலிக்கான் செல்லில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை வெளிச்சம் தீர்மானிக்கிறது. சூடு ஏறும்போது கரண்ட் டிகிரிக்கு 0.05 சதவீதம் அளவில் லேசாகக் கூடத்தான் செய்யும். ஆனால் வோல்டேஜ் அதைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் நஷ்டமே மிஞ்சும். உங்களிடம் இருப்பது மோனோ பெர்க் என்ற சிலிக்கான் பேனல் வகை. அதில் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சக்தி 0.35 சதவீதம் அளவில் குறையும். பழைய நீலநிறப் பாலி பேனலில் இது 0.4 சதவீதத்துக்கு மேல். இப்போது வரும் டாப்கான் வகையில் 0.3 சதவீதத்தை ஒட்டி. கம்பெனி கொடுக்கும் விவரத்தாளில் இந்த எண் இருக்கும்.

65 டிகிரி என்றால் 40 டிகிரி கூடுதல், 14 சதவீதம் நஷ்டம். 6 பேனலுக்கு 3,240 வாட்; அதில் 14 சதவீதம் போனால் 2,780 சொச்சம். வெளிச்சம் 1,000 அல்ல, 900தான் என்பதால் 2,500. ஒயரிலும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரிலும், லேசான தூசியிலும் போகிறதைக் கழித்தால் 2,350 அளவில் நிற்கும். சித்திரையில் நீங்கள் பார்த்த 2,400 என்பது ஆரோக்கியமான பேனல் கொடுக்கும் அளவேதான். 3 கிலோவாட் போட்டால் எப்போதும் 3 கிலோவாட் வராது என்று வாங்கும்போது யாரும் விளக்கிச் சொல்லாததால் வந்த ஏமாற்றம் இது.

இனி மாசியையும் சித்திரையையும் ஒப்பிடுவோம். மாசி நண்பகலில் காற்று 33 டிகிரி, சித்திரையில் 37 என்று வைத்தால் வித்தியாசம் 4 டிகிரி. அதன் நஷ்டம் 1.4 சதவீதம். 14 யூனிட்டில் 0.2 யூனிட். சித்திரையில் காற்று அசையாமல் புழுங்கும் நாட்களில் செல் இன்னும் கொஞ்சம் சூடேறும் என்று தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் அரை யூனிட்டுக்கு மேல் சூட்டின் தலையில் கட்ட முடியாது. உங்களுக்குக் குறைந்ததோ 2 முதல் 4 யூனிட். சூடு மாசியிலும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பங்கு மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதில்லை. மாறியது வேறு.

முதல் காரணம் உங்கள் மாடி போட்டோவிலேயே தெரிகிறது. பேனலைத் தெற்கே பார்த்து 20 டிகிரி அளவுக்குத் தூக்கி வைத்திருக்கிறார்கள். வடக்கே போகப்போக அந்தச் சாய்வு பொருந்தும். செங்கோட்டை ஏறக்குறைய 9 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. நமக்குச் சித்திரை முதல் நாளை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அது வடக்கே நகரும். திரும்ப உச்சிக்கு வருவது ஆவணி நடுவில். இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடபக்கம் நிற்கும். ஆனியில் ஒரு தெளிந்த மதியம் மாடியில் கம்பு ஒன்றை நிறுத்திப் பாருங்கள், நிழல் தெற்கே விழும். அந்த நேரத்தில் உங்கள் பேனல் சூரியனுக்கு முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு தெற்கே பார்த்து நிற்கிறது.

கணக்கில் சொன்னால், மாசித் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் தெற்கே 23 டிகிரி சாய்ந்திருந்தது. 20 டிகிரி பேனலுக்கு அது ஏறக்குறைய நேர் எதிரே. நேர் வெளிச்சம் முழுசாக விழுந்தது. சித்திரை முதல் நாளில் 6 சதவீதம் குறைவு. வைகாசித் தொடக்கத்தில் 13 சதவீதம். ஆனித் தொடக்கத்தில் 17 சதவீதம். இது நண்பகலுக்கான கணக்கு. காலை மாலையில் வேறு மாதிரி இருக்கும், பகல் பொழுது கொஞ்சம் நீள்வதால் சிறிது ஈடும் கிடைக்கும். ஆனாலும் உங்கள் யூனிட் இறங்கியதில் சூட்டைவிடச் சாய்வுக்குப் பங்கு பெரிது. மாசியில் வந்த 14 யூனிட் என்பது ஆண்டிலேயே உங்கள் பேனலுக்கு வாய்த்த நல்ல காலம். அதை வைத்து மற்ற மாதங்களை அளந்தால் எல்லாம் குறைவாகத்தான் தெரியும்.

அதற்காகப் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரைப் பிரித்து மாட்டச் சொல்ல மாட்டேன். 10 டிகிரிக்கு இறக்கினால் வைகாசி ஆனியில் லாபம், மார்கழியில் நஷ்டம். நமக்கு ஆனி ஆடியில் மேகமூட்டம் வேறு இருப்பதால் அந்த லாபமும் முழுசாகக் கைக்கு வராது. ஆண்டு முழுக்கக் கூட்டினால் 1, 2 சதவீதம்தான் மிஞ்சும். வெல்டிங் கூலிக்குக்கூட அது காணாது. புதிதாகப் போடுகிறவர்கள் மட்டும் 10 டிகிரியில் போடச் சொல்லுங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றுக்குத் தாழ்ந்த சாய்வு பாதுகாப்பும்கூட.

இரண்டாவது, தூசி. உங்கள் கடை இருக்கும் ரோட்டில் புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற எம்சாண்ட் லாரிகள் ராப்பகலாக ஓடுகின்றன. பங்குனி, சித்திரையில் மழையும் அதிகம் இல்லை. அந்தத் தூள் பேனல் மேல் படிந்து, பனி ஈரத்தில் இறுகி, கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஈரத்துணியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். துடைத்த இடமும் துடைக்காத இடமும் நிறம் மாறித் தெரிந்தால் சில சதவீதம் அங்கேயே போகிறது. இதைவிடக் காக்கை எச்சம் மோசம். ஆறு பேனலும் ஒரே வரிசையாக இணைத்திருப்பதால், வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை வரைக்கும் தண்ணீர் குறைகிற மாதிரி, ஒரு செல் மறைந்தாலும் மொத்த வரிசையின் கரண்டும் மட்டுப்படும். அதைத் தவிர்க்கப் பேனலுக்கு மூன்று பைபாஸ் டையோடு வைத்திருப்பார்கள். மறைந்த பகுதியை அவை ஒதுக்கிவிடும். ஒதுக்கினால் அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. எச்சம் பட்ட செல் தனியாகச் சூடேறிக் காலப்போக்கில் கருகவும் செய்யும். உங்கள் மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு கேபிள் டிஷ் இருக்கிறது. சாயங்காலம் அதன் நிழல் கடைசிப் பேனலில் விழுகிறது. அதைக் கழற்றி வடக்குச் சுவருக்கு மாற்றுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீங்கள் அனுப்பிய வைகாசிப் படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். காலையிலிருந்து அழகாக ஏறிவரும் கோடு 11.45க்கும் 1 மணிக்கும் இடையில் இரண்டு தடவை தரைமட்டத்துக்கு விழுந்து, இருபது நிமிடம் கழித்து நேராக எழுந்திருக்கிறது. மேகம் வந்தால் கோடு இப்படி விழாது. எவ்வளவு கருத்த மேகம் மறைத்தாலும் பரவல் வெளிச்சத்தில் கொஞ்சம் உற்பத்தி இருந்துகொண்டே இருக்கும். சூடும் இப்படி விழவைக்காது. பூஜ்யம் என்றால் இன்வெர்ட்டர் தானே நிறுத்திக்கொண்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கரண்ட் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லைன் வோல்டேஜ் ஏறி டிரிப் ஆகியிருக்கிறது. இன்வெர்ட்டரின் பிழைப் பட்டியலில் கிரிட் ஓவர்வோல்டேஜ் என்ற பதிவு அந்த நேரத்துக்கு இருக்கும்.

இது ஏன் என்றால், வீட்டில் செலவானது போக மிச்ச மின்சாரத்தை உங்கள் இன்வெர்ட்டர் லைனுக்குள் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு லைனைவிட ஒரு படி கூடுதல் வோல்டேஜில் நிற்க வேண்டும். லைனில் ஏற்கெனவே வோல்டேஜ் மேலே இருந்தால், குறித்து வைத்த வரம்பைத் தொட்டதும் பாதுகாப்புக்காகத் துண்டித்துக்கொண்டு சில நிமிடம் காத்திருக்கும். மத்தியானம் உற்பத்தி உச்சத்தில் இருக்கும், தெருவில் செலவு குறைவாக இருக்கும். அதனால்தான் நல்ல வெயில் நேரமாகப் பார்த்து இது நடக்கிறது, சனங்களும் சூட்டில்தான் நின்றுபோகிறது என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் உங்களுக்குப் போனது ஒன்றரை யூனிட். சித்திரை முழுக்கச் சூடு கூடியதால் ஒரு நாளைக்கு நீங்கள் இழந்ததைவிட இது எத்தனையோ மடங்கு.

உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் மாடியில் இருக்கிறது, மீட்டர் கடை வாசலில். நடுவில் 25 மீட்டர் ஒயர் ஓடும். போட்டோவில் அது 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் மாதிரித் தெரிகிறது. 3 கிலோவாட் என்றால் 12 ஆம்பியருக்கு மேல் ஓடும். இந்த ஒயரில் போகவர 50 மீட்டருக்கு நாலரை வோல்ட் இழப்பு. அதாவது மீட்டரில் 250 இருந்தால் இன்வெர்ட்டர் வாயில் 254, 255. 6 ஸ்கொயர் செம்பு ஒயர் போட்டால் இந்தக் கூடுதல் 2 வோல்ட்டுக்குள் அடங்கும். விளிம்பில் நின்று டிரிப் ஆகிற வீடுகளில் இந்த இரண்டரை வோல்ட்டிலேயே பிரச்சினை தீர்ந்துபோகும். ஒயர் மாற்றியும் நிற்கவில்லை என்றால், ஒரு வாரம் மத்தியான வோல்டேஜை எழுதி வைத்து, பிழைப் பட்டியலின் படத்தோடு உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுங்கள். சில டிரான்ஸ்பார்மரில் டேப் மாற்றி வோல்டேஜை இறக்கும் வசதி உண்டு. பேஸ் மாற்றிக் கொடுத்தும் சரிசெய்யலாம். இன்வெர்ட்டரின் வரம்பை உயர்த்திவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கடையில் ஓடும் பிரிட்ஜும் பிரீசரும் அந்த வோல்டேஜைத்தான் வாங்கிக்கொள்ளும்.

சித்திரைப் படத்தில் வேறொன்று. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, 12.20ஐ ஒட்டி. நாட்டு நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே 77 டிகிரியில் இருக்கிறோம். ஆகவே தெளிந்த நாளில் 10.20க்கு வருகிற வாட்டும் 2.20க்கு வருகிற வாட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பிற்பகலில் காற்று சூடாக இருப்பதால் 2 சதவீதம் அளவு குறையலாம். உங்கள் படத்தில் 2 மணிக்கு மேல் கோடு ஒரு படி இறங்கிச் சமமாக ஓடுகிறது. மேகம் என்றால் ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கியிருக்கும். இது இன்வெர்ட்டர் சூடேறித் தன்னைக் குறைத்துக்கொண்ட அடையாளம். பல இன்வெர்ட்டர்கள் சுற்றுக்காற்று 45 டிகிரியைத் தாண்டினால் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். உங்களுடையது மேற்குச் சுவரில், தகரக் கொட்டகைக்குக் கீழே, நேர் மேற்கு வெயிலில் தொங்குகிறது. அந்தத் தகரத்தடியில் பிற்பகலில் 45 சர்வசாதாரணம். பேனல் சூடாவதை நம்மால் தடுக்க முடியாது, இன்வெர்ட்டர் சூடாவதைத் தடுக்கலாம். மாடிப்படிக்கட்டு அறைக்குள், கிழக்கு அல்லது வடக்குச் சுவரில், நாலாபக்கமும் காற்று போகிற இடைவெளியோடு மாட்டச் சொல்லுங்கள். ஒயர் மாற்றும் அன்றே இதையும் செய்துவிட்டால் மீட்டருக்கான தூரமும் குறையும்.

இப்போது ஆனியில் நீங்கள் பார்த்த 3,000 வாட். சாரல் நாளில் காற்று 28 டிகிரி. கணவாய்க் காற்று பேனலின் முன்னும் பின்னும் வீசி அதைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கிறது. மேகம் மூடியிருந்த நேரத்தில் செல் 35 டிகிரிக்குக் கீழே வந்திருக்கும். தூறல் கண்ணாடியைக் கழுவியும் விட்டது. சட்டென்று மேகம் விலகிச் சூரியன் வெளியே வந்தால், நேர் வெளிச்சத்தோடு மேக ஓரங்களில் பட்டுச் சிதறும் வெளிச்சமும் சேர்ந்து விழும். அந்த ஓரிரு நிமிடம் சதுர மீட்டருக்கு 1,000 வாட்டையும் தாண்டும். குளிர்ந்த பேனல், கழுவின கண்ணாடி, கூடுதல் வெளிச்சம் மூன்றும் ஒன்றாக அமைந்த நேரம் அது. 3,000க்கு மேலும் பேனல் கொடுத்திருக்கும், இன்வெர்ட்டரின் அளவு அவ்வளவுதான் என்பதால் அங்கே நின்றது. சித்திரையில் ஒருநாளும் பார்க்காததை அன்று பார்த்ததற்குக் காரணம் இதுதான். குளிர்ந்த காற்றும் தெளிந்த வானமும் சேர்ந்த லடாக் மாதிரி இடங்கள் சோலாருக்குப் பேர்போனதற்கும் காரணம் இதுவே.

ஆனால் ஓரிரு நிமிட உச்சத்தை வைத்து நாள் யூனிட்டைக் கணக்கிட முடியாது. அன்று மொத்தம் 9 யூனிட் என்று எழுதியிருக்கிறீர்கள், சாரல் நாளுக்கு அது நல்ல அளவு. மேகம் மூடிய நாளில் பேனல் தன் திறனில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரைதான் கொடுக்கும். 4 யூனிட் வந்த நாள் அப்படிப்பட்டது. கூடவே ஒன்றைக் கவனியுங்கள்: ஆனி ஆடிக் காற்றில் மரக்கிளை முறிந்து லைனில் விழுந்து கரண்ட் போகும் நேரங்களில் உங்கள் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக வைத்திருக்கும் பாதுகாப்பு அது. வெயில் இருந்தும் உற்பத்தி இல்லாத இந்த நேரத்தையும் பலர் மேகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

மலையை ஒட்டி இருப்பதால் சாரல் காலத்தில் உங்களுக்குக் கிடைக்கும் வெளிச்சம் பாவூர்சத்திரத்திலோ சுரண்டையிலோ இருப்பவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. மேகம் மலை முகட்டைத் தாண்டிக் கிழக்கே போகப்போக மெலிந்துவிடும். சாயங்காலம் மலை மறைப்பில் சூரியன் சீக்கிரம் இறங்கிவிடும், ஆனால் அந்த நேரத்து உற்பத்தி கொஞ்சம்தான், அதற்காக வருந்த வேண்டாம். புனலூர் மச்சானுக்கு ஆனி ஆடியில் உங்களைவிட மழை அதிகம். அதற்காக அந்தப் பக்கம் சோலார் ஆகாது என்று நினைக்க வேண்டாம். இரண்டு பருவமழையும் கொட்டுகிற கேரளத்தில்தான் கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சோலார் அமைத்து, உலகிலேயே முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் முதல் விமான நிலையம் ஆனது. மழைக்கால இழப்பை மற்ற மாதங்களில் ஈடுகட்டி, ஆண்டுக் கணக்கில் பார்க்கிறார்கள். நீங்களும் ஆண்டுக் கணக்குப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1 கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்று சராசரி சொல்வது வழக்கம். மலையடிவாரம் என்பதால் கொஞ்சம் குறைத்து, ஆண்டுக்கு 4,200 முதல் 4,700 யூனிட் வரை வந்தால் உங்கள் பேனல் சரியாக உழைக்கிறது என்று அர்த்தம்.

தம்பி சொன்ன தண்ணீர் விஷயம். மத்தியானம் தண்ணீர் அடித்தால் பேனல் குளிர்ந்து வாட் ஏறுவது உண்மைதான், மீட்டரிலேயே தெரியும். ஆனாலும் செய்யாதீர்கள். 65 டிகிரியில் இருக்கும் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடிக்கலாம், உள்ளே செல்லில் மயிர்க்கீற்று விழலாம். விரிசல் விட்ட பேனலுக்குக் கம்பெனி வாரன்ட்டி கிடைப்பதும் கஷ்டம். போர் தண்ணீர் என்றால் காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் படியும். நாள்பட்டால் தேய்த்தாலும் போகாது. காலை 7 மணிக்கு முன்னால் அல்லது இருட்டிய பிறகு, குண்டாற்றுக் குடிநீரோ மழைத்தண்ணீரோ ஒரு வாளி எடுத்து, மெல்லிய ஸ்பாஞ்சு துடைப்பானால் துடையுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், பேனல் மேல் ஏறவே கூடாது. மாசி முதல் வைகாசி வரை பத்து நாளுக்கு ஒரு தடவை போதும். சாரல் காலத்தில் மேல் பகுதியை மழை பார்த்துக்கொள்ளும். தூறல் மட்டும் விழுகிற நாட்களில் அழுக்கு கரைந்து கீழ்ச் சட்டத்தில் தேங்கிப் பாசி பிடிக்கும்; அந்த ஓரத்தை மாதம் ஒரு தடவை துடைத்தால் போதும்.

கூடுதல் 2 பேனலை இப்போது போடாதீர்கள். மத்தியானத்தில் டிரிப் ஆகிற வீட்டில் பேனலைக் கூட்டினால் டிரிப்தான் கூடும், யூனிட் கூடாது. மின்வாரியத்தில் அனுமதித்த அளவையும் பார்க்க வேண்டும். ஒயரை மாற்றி, இன்வெர்ட்டரை நிழலுக்குக் கொண்டுவந்து, டிஷ்ஷை நகர்த்தி, ஒரு மாசி பங்குனியைத் திரும்பப் பாருங்கள். அதற்கு அப்புறமும் தேவை இருந்தால் அதே வாட், அதே வகைப் பேனலாகக் கேளுங்கள். ஒரே வரிசையில் வேறு வேறு கரண்ட் அளவுள்ள பேனலைக் கலந்தால், குறைந்த கரண்டுள்ள பேனலின் அளவுக்கு மற்றதெல்லாம் இறங்கிவரும்.

ஐப்பசி வருவதற்குள் ஒரு வேலையை அவசியம் முடித்துவிடுங்கள். சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மலையடிவாரத்தில் இடி கடுமையாக இருக்கும். மாடி போட்டோவில் இடிதாங்கிக் கம்பி தெரிகிறது, ஆனால் அதையும் ஸ்ட்ரக்சர் எர்த்தையும் ஒரே குழிக்குக் கொண்டுபோயிருக்கிற மாதிரி இருக்கிறது. இடிதாங்கிக்குத் தனிக்குழி வேண்டும். பேனல் பக்கமும் லைன் பக்கமும் மின்னல் அதிர்வைத் தாங்கும் எஸ்பிடி இருக்கிறதா என்று பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அதில் பச்சையாக இருக்க வேண்டிய குறி சிவப்பாகியிருந்தால் மாற்ற வேண்டும். அதை நீங்களாகத் தொடாதீர்கள். வெயில் இருக்கும்வரை பேனல் ஒயரில் 250 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி பறக்கும்.

கார்த்திகையில் மேகம் மூடிக்கொண்டால் 2, 3 யூனிட் வருகிற நாளும் உண்டு. அப்போது பதற வேண்டாம். ஒயர் மாற்றிய பிறகு மூன்று தெளிந்த நாட்களின் படமும், அந்த நாட்களில் 11 மணிக்கும் 1 மணிக்கும் இன்வெர்ட்டர் காட்டும் வோல்டேஜும் எழுதி அனுப்புங்கள். மனு கொடுக்க வேண்டியதிருந்தால் அதில் என்ன எழுத வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன்.